டோலிக்குள் தோல் கவசம்

கரட்டுமலை ஜமீன்தாருக்குப் பாம்பு என்றால் குலைநடுக்கம். மலைக்கோயிலுக்குக் கிளம்பினால் முழங்கால் வரைக்கும் எருமைத்தோல் கவசம் கட்டிக்கொண்டுதான் டோலியில் ஏறுவார். வழியில் அவர் கால் தரையில் படவே படாது என்பது வேறு விஷயம். முன்னே கொம்பையாவும் பின்னே அவன் மச்சான் இருளப்பனும் வெறுங்காலோடு அவரைத் தூக்கிப் போவார்கள்.

அன்றைக்குப் பாதி மலையில், இடுப்பளவு புல்லுக்குள் கண்ணாடி விரியன் சீறியது. இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஏன்டா நிக்கிறீங்க? ஓடுங்கடா! எனக்கு ஏதாவது ஆச்சு, உங்க தோலை உரிச்சிடுவேன்!" என்று ஜமீன்தார் கத்தினார்.

கொம்பையாவுக்கும் நடுக்கம்தான். "ஓடிடலாம் சாமி. ஆனா எங்களைக் கடிச்சா டோலி கவுந்துடும். நீங்க தலைகுப்புற அது மேலயே விழுவீங்க. காலுக்குக் கவசம் இருக்கு, மூஞ்சிக்கு இருக்கா சாமி?"

ஜமீன்தார் மூஞ்சியைத் தடவிப் பார்த்தார். கவசத்தைக் கழற்றி அவனிடம் நீட்டினார்.

"மச்சான்கிட்ட குடுங்க சாமி. முன்னால போறவன் மிதிச்சு எழுப்புவான், பின்னால வர்றவனைத்தான் அது போடும்."

"அப்போ உனக்கு?"

கொம்பையா அவருடைய பட்டுத் தலைப்பாகையைப் பார்த்தான்.

பக்கத்துப் பாறைமேல் டோலியை வைத்து, இருளப்பன் தோலையும் கொம்பையா தலைப்பாகையையும் காலில் சுற்றிக்கொண்டார்கள். மறுபடி தூக்கிப் பத்தடி போயிருப்பார்கள். தோல் கவசத்தில் பட்டென்று ஏதோ அடித்தது.

"யாரு காலுடா அது?" என்று ஜமீன்தார் அலறினார்.

"உங்க காலுதான் சாமி," என்றான் கொம்பையா, நிற்காமல். "இந்த மலையில நீங்க எங்க காலாலதானே நடக்கிறீங்க?"