ஒரு நாற்காலிக்கு 'முதல் ஆள்' மூன்று பேர்

இந்தக் கதையில் அரியணை கிடையாது. கறுப்பு ரெக்ஸின் போட்ட ஒரு சுழல் நாற்காலிதான் உண்டு. அதற்கு நடந்த போட்டியைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கோவையில் விவசாயிகளுக்கு மோட்டார் பம்பு விற்கும் கம்பெனி ஒன்று. அங்கே ஆள் எடுக்கும் பொறுப்பு சுகந்தியுடையது. பம்பு நின்றுபோனால் விவசாயிகள் போன் செய்வார்கள். பொறுமையாகக் கேட்டு, ஊரும் பேரும் குறித்து, சரியான மெக்கானிக்கிடம் சேர்த்து, அவர் போய்ப் பார்த்தாரா என்று மறுபடி விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலையில் இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். நாற்காலி காலியானதே தவிர போன் ஓயவில்லை. சுகந்தியே எடுத்துப் பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஆள் தேடாமல் இல்லை. எத்தனையோ பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல். கடைசியில், வேலை தேடுவோருக்கான ஓர் இணையதளத்தில் புதிதாக வந்திருந்த வசதியை வாங்கலாம் என்று முதலாளி நாச்சிமுத்துவிடம் மன்றாடினாள். 'இன்றைக்கே பேசத் தயார்' என்று குறித்து வைத்தவர்களின் பெயர் அதில் பச்சையாகத் தெரியும். பெயரைத் தொட்டால் நேரே அவர்களுக்குப் போன் போகும்.

"வாங்கித் தர்றேன் அம்மணி. ஆனா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு பேரு சொல்லோணும். இல்லாட்டி எம் மச்சினன் பையனக் கூட்டியாந்து உக்கார வெச்சுருவேன்" என்றார் முதலாளி.

அந்தப் பையனைச் சுகந்திக்கு நன்றாகத் தெரியும். சொந்த அம்மா கூப்பிட்டாலே போனை எடுக்காதவன். அவசர அவசரமாக விளம்பரத்தில் இப்படி எழுதிவிட்டாள்: "மோட்டார் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை, நாங்கள் கற்றுத் தருவோம். முதலில் பேசக் கிடைப்பவருக்கே வேலை." எழுதிய பிறகு அது கம்பெனி கொடுத்த வாக்கு அல்லவா!

பச்சையாகத் தெரிந்த முதல் பெயர் தினகரன், உடுமலை, மோட்டார் டிப்ளமோ. தொட்டாள். எடுத்தது ஒரு பெண் குரல்.

"தினகரனுங்களா? இது அவரோட பழைய நம்பருங்க, இப்ப என்கிட்ட இருக்குது. பரவாயில்லீங்க, நான் சொல்லிடறேன். எந்தக் கம்பெனின்னு சொல்லட்டும்? எத்தனை மணிக்குள்ள அவர் கூப்பிடோணும்?"

சுகந்தியின் எண்ணை ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் போனை வைத்தாள்.

அடுத்த பெயர் இலக்கியா, பொள்ளாச்சி, பட்டதாரி. மணி அடித்ததும் அவளுடைய அப்பா ரங்கசாமி எடுத்தார்.

"சொல்லுங்க அம்மணி. சம்பளம் எவ்வளவுங்க? ஆபீஸ் வாசல்ல பஸ் நிக்குங்களா?"

பின்னாலிருந்து, "யாருப்பா?" என்று மகள் கேட்டாள். "ஒண்ணுமில்ல சாமி, நீ போய்ச் சாப்புடு" என்றவர், சுகந்தியிடம், "எழுதிக்கோங்க, எம் பொண்ணு வருவா" என்றார்.

வைத்த கையோடு தினகரன் அழைத்தான். நல்ல பையன். மோட்டாரில் எதைக் கேட்டாலும் நுனிநாக்கில் பதில் வைத்திருந்தான்.

"தளத்தில் பழைய எண்ணை ஏன் மாற்றவில்லை?" என்று சுகந்தி கேட்டதும் சிரித்தான். "எந்தக் கால் வந்தாலும் அந்த அக்கா சொல்லிருவாங்க மேடம். அதனால அப்படியே ஓட்டிட்டிருக்கேன். நீங்க முதல்ல தொட்டது என் பேரைத்தானே?"

உண்மைதான். ஆனால் ரங்கசாமி சும்மா இருப்பாரா? விளம்பரத்தை நிதானமாகப் படித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார். முதலில் தொட்டது தினகரன் பெயரை என்று சுகந்தி சொல்லியும் அவர் விடவில்லை. "அந்தத் தம்பி அப்புறந்தானே பேசுச்சு? தளத்துல போட்ட நம்பர்ல, அந்தப் பேருக்குரிய வீட்டுல, மொதல்ல எடுத்தது நாங்கதானுங்க!"

அதுவும் உண்மைதான். சுகந்தி தலையில் கை வைத்துக்கொண்ட நேரத்தில் மறுபடி போன். பழைய எண்ணின் பெண்.

"தினகரன் பேசினாருங்களா? அதைக் கேக்கத்தானுங்க கூப்பிட்டேன்."

சுகந்திக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. யாரென்று விசாரித்தாள். பெயர் ரிஸ்வானா, மேட்டுப்பாளையம், பி.காம். படித்தவள். வேலை தேடுவதற்காகவே வாங்கிய சிம் அது. அந்த எண்ணை முன்பு வைத்திருந்த தினகரனைத் தேடி அவன் உறவுக்காரர்களெல்லாம் கூப்பிட, அவர்களிடமே அவனுடைய புது எண்ணை வாங்கி வைத்திருந்தாள்.

"நீ ஏம்மா இந்தத் தளத்தில் சேரவில்லை?"

"சேர விட மாட்டேங்குதுங்க. இந்த நம்பர் ஏற்கனவே தினகரன் பேர்ல இருக்குதாம். மாத்துங்கன்னு பல தடவை சொல்லிட்டேன், நாளைக்கு நாளைக்குங்கறாரு." சிரித்துக்கொண்டே சொன்னாள். "முதல்ல கிடைக்கறவங்களுக்கு வேலைன்னு போட்டிருக்கீங்களாமே, அவர்தான் சொன்னாரு. பார்த்தா, முதல்ல கிடைச்சது நான்தானுங்களே!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். சுகந்திக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரார் வேலைக்கெல்லாம் தூது போகிறவளுக்கு ஒரு வேலை இல்லை. மூன்று பேர் சொல்வதிலும் பொய் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முதலாளி மச்சினனுக்குப் போன் போடத் தயாராக நின்றார்.

முதலில் தொட்ட பெயருக்குரிய தினகரனா, சரியான எண்ணில் முதலில் எடுத்த வீட்டின் இலக்கியாவா, பட்டியலிலேயே இல்லாத ரிஸ்வானாவா? கொடுத்த வாக்குப்படி அந்த நாற்காலி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ரிஸ்வானாவுக்குத்தான். ரங்கசாமி வீட்டில் போன் சேர்ந்தது அப்பாவை. இலக்கியாவுக்கு விஷயமே தெரியாது. தினகரன் பேசக் கிடைத்தது ரிஸ்வானா புண்ணியத்தில், அதுவும் அவளுக்குப் போகவேண்டிய வழியை அடைத்துக்கொண்டு. அழைப்பை எடுத்து, கேட்டு, உரியவரிடம் சேர்த்து, சேர்ந்ததா என்று மறுபடி விசாரித்தவள் அவள். அந்த நாற்காலியின் வேலையே அதுதானே! சுகந்தி அப்படித்தான் முடிவு செய்தாள். இலக்கியாவின் சொந்த எண்ணை வாங்கி, அடுத்த இடத்துக்கென்று குறித்துக்கொண்டாள். தூது சொல்ல அக்கா இனி இல்லை என்றதும் தினகரன் அன்றைக்கே எண்ணை மாற்றினான். அடுத்த வாரம் வேறொரு கம்பெனி அவனை நேரடியாகவே அழைத்தது. அவன் மாற்றிய பிறகு ரிஸ்வானாவை அந்தத் தளம் ஒருவழியாக உள்ளே விட்டது. "இப்போது வேலை தேடுகிறீர்களா?" என்று கேட்டது. புது நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இல்லை" என்பதைத் தொட்டாள்.