கும்பமாக அளந்த கூலி

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் முள்ளம்பன்றி ஒன்று கடலை பயிர் செய்து வந்தது. செடியிலிருந்து கடலை ஆய்ந்து கொடுக்க அணில்கள் வரும். ஒரு கூடை ஆய்ந்தால் ஒரு கொட்டாங்கச்சி கடலை கூலி.

கூலி அளக்கும்போது முள்ளம்பன்றியைப் பார்க்க வேண்டுமே! "நான் தலைதட்டி அளக்கிற ஆளில்லை. கும்பமா அளக்கிறேன், பாத்துக்கோங்க!" என்று குவித்துக் கொடுக்கும். அந்தக் குவியலைப் பார்த்து அணில்கள் மயங்கிவிடும்.

வடிவு என்ற அணிலுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. அடைமழை நெருங்கிவிட்டது. போன வருஷம் இதே வேலைக்கு நிரம்பிய மரப்பொந்து, இந்த வருஷம் பாதிதான் நிரம்பியிருந்தது. குட்டிகள் மழைக்காலம் முழுக்க எதைத் தின்னும்? அது கீரியிடம் ஓடியது. குளத்தங்கரை வழக்குகளை விசாரிப்பது கீரிதான்.

கீரி முள்ளம்பன்றியின் வளை வாசலில் போய் நின்றது.

"கூலி அளக்கிற கொட்டாங்கச்சியைக் கொஞ்சம் காட்டு!"

"கேள்வி கேக்கத்தானே உனக்கு அதிகாரம்? கேட்டாச்சுல்ல, கிளம்பு!" என்று முள்ளைச் சிலிர்த்தது முள்ளம்பன்றி.

மறுநாளே வடிவுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டது. மற்ற அணில்கள் பயந்துபோய், குனிந்த தலை நிமிராமல் கடலை ஆய்ந்தன. பாவம், அவற்றுக்கும் குட்டிகள் இருந்தனவே!

கீரி அசரவில்லை. நேரே காட்டுத் தலைவி யானையிடம் போனது.

"அம்மா, வெறும் வாயை வச்சுக்கிட்டு நான் என்னத்தை விசாரிக்க? வளைக்குள்ள போகணும், பொருளை எடுத்துப் பாக்கணும். புகார் சொன்னவங்களை வேலையை விட்டுத் துரத்தவும் கூடாது. இந்த அதிகாரத்தைக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்!"

"நியாயந்தானே! இன்னிக்கே எடுத்துக்கோ!" என்றது யானை.

நம் வளைக்குள் யார் வரப்போகிறார்கள் என்ற தைரியத்தில், முள்ளம்பன்றி எதையும் ஒளித்து வைக்கவில்லை. கீரி உள்ளே புகுந்து கூலிக் கொட்டாங்கச்சியை வெளியே எடுத்து வந்தது. அணில்கள் சூழ்ந்து நிற்க, அதில் குளத்துத் தண்ணீரை ஊற்றி வைத்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கியது. கீரி கையை விட்டுக் கிளறியதும், அடியில் அப்பியிருந்த களிமண் கட்டிகட்டியாகப் பெயர்ந்து வந்தது!

"பாதிக்கு மண்ணா! அதான் மேல அவ்வளவு கும்பமா?" என்று கத்தியது வடிவு. மற்ற அணில்களும் பயம் தெளிந்து, தாங்கள் ஆய்ந்த கடலைக்குக் கணக்குச் சொல்லத் தொடங்கின.

கீரி பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ள, முள்ளம்பன்றி பாக்கிக் கூலியை அளந்தது. பழக்க தோஷத்தில் குவிக்கப் போனது.

"குவிக்க வேண்டாம், முதலாளி. தலைதட்டியே அளங்க, அது போதும்!" என்றது வடிவு.

மழை கொட்டத் தொடங்கியபோது அதன் பொந்து நிறைந்திருந்தது.

உழைத்தவர் கூலியைத் திருடுபவரைப் பிடிக்க, விசாரிப்பவருக்குக் கேள்வி கேட்க வாய் மட்டும் போதாது, உள்ளே புகுந்து பார்க்க அதிகாரமும் வேண்டும்.