அரச இரத்தம் சிந்தவைத்தவன்

முன்னொரு காலத்தில், எந்த வரைபடத்திலும் இடம்பெறாத ஒரு நாட்டை மதங்கசிம்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். எட்டுப் போர்களுக்குப் போய், எட்டிலும் கடைசி வரிசையில் நின்று, ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பிய வீரன். அதனால் அந்த நாட்டில் ஒரு சட்டத்துக்கு வேலையே வரவில்லை. ராஜாவின் இரத்தத்தைச் சிந்தவைத்தவனுக்குத் தலை போகும் என்பது அந்தச் சட்டம்.

ஒருநாள் காலையில் ராஜா வேப்பங்குச்சியால் பல் துலக்கித் துப்பியபோது எச்சிலில் சிவப்பு தெரிந்தது. அரண்மனை வைத்தியர் பூரணலிங்கம் பதறி ஓடிவந்தார்.

"குச்சி முரடு, பிரபு. இனி அதைத் தொடவே வேண்டாம். பன்னீரில் கொப்பளித்து வெற்றிலை போட்டுக்கொண்டால் போதும்."

ராஜா பல் துலக்குவதை விட்டான். ராஜவிசுவாசத்தில் யார் யாருக்குக் குறைந்தவர்? அமைச்சரும் சேனாதிபதியும் புலவர்களும் அன்றே குச்சிகளைத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த ஆண்டு சபையில் சாம்பிராணி போடும் தூபக்கால்கள் இரண்டு மடங்காயின. ராஜாவின் ஈறு சிவந்து வீங்கி, பிறகு மெல்லப் பல்லைவிட்டு விலகியது. பற்கள் நீண்டதுபோலத் தெரிந்தன. சிங்கப்பல் வளர்கிறதென்று ஒரு புலவர் பாடிப் பரிசு பெற்றார். ராஜா பேச வாய் திறந்ததும் அண்டை நாட்டுத் தூதர் மூன்றடி பின்னால் போனார்.

"பயபக்தி, பிரபு," என்றார் அமைச்சர்.

"பிரபுவின் வாயில் சந்தனம் மணக்கிறது," என்றார் வைத்தியர்.

சபையில் பல் துலக்கியவன் விகடகவி கூத்தப்பன் ஒருவன்தான். ராஜா பக்கத்தில் அழைத்துப் பேசும்போதெல்லாம் மூச்சை அடக்கி அடக்கி, முத்துக்குளிக்கப் போகலாம் என்ற அளவுக்குப் பழகியிருந்தான். வைத்தியரின் வேடிக்கைப் பேச்சுக்கு அவன் சிரிப்பதில்லை. வைத்தியர் அதை மறப்பதுமில்லை.

தூதர் மறுபடி வருகிறார் என்று செய்தி வந்தது. பல் பளபளக்க வேண்டுமென்று ராஜாவுக்கு ஆசை பிறந்தது. குச்சி வெட்டும் செங்கோடனைக் கூப்பிட்டு, ஒரு குச்சி வாங்கித் தேய்த்தான். வாயெல்லாம் இரத்தம். சட்டத்துக்கு ஒருவழியாக வேலை வந்தது. செங்கோடனைக் கட்டி இழுத்துச் சபையில் நிறுத்தினார்கள்.

"சாமி, அதே மரத்துக் குச்சியிலதான் நானும் பல்லு விளக்குறேன். எனக்கு ஒரு சொட்டு வரலையே!" என்று கதறினான் அவன்.

கூத்தப்பன் எழுந்தான். "மன்னா, நானும் அதே மரம்தான். என் ஈறும் சும்மா இருக்கிறது. குற்றவாளி வேறு யாரோ."

வைத்தியரின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் விகடகவியே பிடித்துவரட்டும். பதினைந்து நாள். தவறினால் இரண்டு தலை."

"நல்ல யோசனை!" என்றான் ராஜா. "கூத்தப்பா, அவனைக் கயிற்றில் கட்டி இழுத்து வா."

"உத்தரவு. ஆனால் அவன் ஒளிந்திருக்கும் இடம் எதுவானாலும் நான் நுழைந்து தேட வேண்டும்."

"எங்கும் தேடு. தடுப்பவன் தலையும் போகும்."

"மகிழ்ச்சி. மன்னா, வாயைத் திறங்கள்."

சபை திகைத்தது. சொன்ன சொல்லில் தானே மாட்டிக்கொண்ட ராஜா, வேறு வழியின்றி வாயைத் திறந்தான். கூத்தப்பன் அடக்கிய மூச்சோடு எட்டிப் பார்த்தான். பல்லடியில் மஞ்சள் காறை, சுவர்ப்பாசிபோல் ஏறியிருந்தது. ஒரு பல் ஆடியது.

"எனக்கு வலிக்கவே இல்லையே?" என்றான் ராஜா.

"அதுதான் அவன் சாமர்த்தியம், மன்னா. வீட்டுக்காரரை எழுப்பாமலே வேலையை முடிப்பவன்."

கூத்தப்பன், காறை எடுக்கத் தெரிந்த ஒரு ரணவைத்தியரை வரவழைத்து, மூன்று நாள் பொறுமையாகச் சுரண்டவைத்தான். பிறகு செங்கோடன் குச்சியின் நுனியைப் பஞ்சாக மென்மையாக்கிக் கொடுக்க, ராஜா ஈறோரத்தில் மெதுவாகத் தேய்த்தான். காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை. பல்லிடுக்குகளில் பட்டு நூலை விட்டு எடுத்தான். வெற்றிலைத் தட்டு பூட்டப்பட்டது. அதற்கு ராஜா திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது.

ஐந்து நாளாகியும் இரத்தம் நிற்கவில்லை. "நான் அன்றே சொன்னேனே!" என்று வைத்தியர் தாழ்வாரத்தில் உலாத்தினார். ராஜா குச்சியைக் கீழே வைத்தான். செங்கோடன் கால் கட்டோடு ஓடிவந்து அவன் காலில் விழுந்தான்.

"விட்டுறாதீங்க சாமி, என் தலை உங்க வாயிலதான் இருக்கு!"

அரசனாகப் பிறந்து இப்படி ஒரு விண்ணப்பத்தை ராஜா கேட்டதில்லை. குச்சியை மறுபடி எடுத்தான். ஏழாம் நாள் இரத்தம் குறைந்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு கீற்று. அதன்பின் அதுவும் இல்லை.

பதினைந்தாம் நாள் கூத்தப்பன் ஒரு வெள்ளிச் சிமிழோடு சபைக்கு வந்தான். ராஜா முதன்முதலில் பல்லிடுக்கில் விட்டு எடுத்த பட்டு நூல் அதில் பத்திரமாக இருந்தது. வைத்தியரின் மூக்குக்கு நேரே மூடியைத் திறந்தான்.

"சீ!" வைத்தியர் துள்ளி விலகினார். "எந்தச் சாக்கடையில் பிடித்தாய் இதை?"

"தாங்கள் கண்டுபிடித்த சந்தனக் காட்டில்தான், வைத்தியரே. மன்னா, இதோ அந்த அழுக்கு, கயிற்றில் கட்டி இழுத்து வந்திருக்கிறேன். குச்சி குத்தவில்லை. இவன் ஈறைப் புண்ணாக்கினான், குச்சி காட்டிக்கொடுத்தது. வைத்தியர் காட்டிக்கொடுத்தவனை விரட்டிவிட்டுத் திருடனுக்கு வெற்றிலை வைத்தார்."

அமைச்சர் தூபக்காலைப் பார்த்தார். புலவர் கூரையைப் பார்த்தார்.

ராஜா ஒரு கொய்யாக்காயைக் கடித்தான். கடித்த இடம் வெள்ளையாகவே இருந்தது. ஆடிய பல் மட்டும் பிழைக்காமல் போயிருந்தது. அந்தச் சந்து தெரிய வாய்விட்டுச் சிரித்தான். செங்கோடனின் கட்டு அவிழ்ந்தது. ராஜாவின் முத்துமாலை கூத்தப்பன் கழுத்துக்கு வந்தது.

மறுநாள் முதல் சபை முழுவதும் செங்கோடன் முன்னால் பல் துலக்க வேண்டுமென்று உத்தரவு. வைத்தியர்தான் முதல் ஆள். குச்சியைத் தூக்கி எறிந்த நாற்பது பேரும் சிவப்பாகத் துப்பிவிட்டு ராஜாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"சட்டம் என் இரத்தத்துக்குத்தான்," என்றான் ராஜா. "நீங்கள் தேய்த்துக்கொண்டே இருங்கள்."

மாத முடிவில் தூதர் வந்தார். ராஜா பேசினான். தூதர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அமைச்சர் கவலையோடு குனிந்து ராஜாவின் காதில் சொன்னார்: "பயபக்தி குறைந்துவிட்டது, பிரபு."

ராஜா சிரித்த சிரிப்பில் தூபக்கால்கள் ஆடின. அவற்றை எடுத்துப்போகச் சொல்லிவிட்டு, கூத்தப்பனைப் பக்கத்தில் கூப்பிட்டான். கூத்தப்பன் மூச்சுவிட்டபடியே போனான்.