ஒண்ணுல நின்ன முள்

என் குருவுக்கு என்னைவிட அஞ்சு வயசு கம்மி. பேரு ரஸ்மியா. மேலப்பாளையத்துக்காரி, பல் டாக்டருக்குப் படிக்கா. நான் பேங்க் வேலைய உதறிட்டு லேட்டா லா காலேஜ்ல சேந்தவ. சண்ட போடுறதுக்குக் காசு தருவாங்கன்னு தெரிஞ்சா நான் வேற எங்க போவேன்?

அவ என்னைய கனியக்கான்னு கூப்பிடுவா. நான் நல்லா இருந்தா ரஸ்மிம்பேன். கோவம்னா ஏட்டிம்பேன். ரொம்பக் கோவம்னா குருவேம்பேன். அந்த மாசம் பூரா குருவேதான்.

எங்களச் சேத்தது ஹாம் ரேடியோ. லைசன்ஸ் வாங்கி, வீட்டுல சொந்தமா ரேடியோ வச்சு, தெரியாத ஊருல இருக்க ஆளோட மோர்ஸ்ல, புள்ளியும் கோடுமாத் தட்டிப் பேசுறது. எனக்கு மோர்ஸ் கத்துக்கொடுத்தது அவதான். கத்துக்கிட்டவ சும்மா இருந்தேனா? எல்லாரும் பேசுற லேசான அலையில பேசமாட்டேன், நூத்தறுபது மீட்டர்லதான் பேசுவேன்னு நின்னேன். மீடியம் வேவ் பாட்டு வருமே, அதுக்கு அடுத்த வீடு அது. அங்க ஒழுங்காப் பேசணும்னா ஆண்டெனா நாப்பது மீட்டர் ஒசரம் நிக்கணும். எங்க வீட்டுக்குப் பக்கத்து காலி மனையில நான் நட்டு வச்சது எட்டு மீட்டர் மூங்கில். அதுல ஒரு செம்புக் கம்பி. கொறஞ்ச ஒசரத்த ஈடுகட்ட, அடியில பிளாஸ்டிக் வாளியில சுத்தின கம்பிச் சுருள், காயில்.

ஞாயித்துக்கெழம காலையில ஊர் ஹாம் ஆளுங்க எல்லாரும் ரேடியோவுல கூடிப் பேசுவாங்க. அதுல எபனேசர் சார் கேட்டாரு, "அம்மா சிவகனி, அது ஆண்டெனாவா, துணி காயப்போடுறதா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நான் மைக்க எடுத்து, "தங்கச்சிமடம் வரைக்கும் கேக்க வைக்கேன். இல்லன்னா இந்த ரேடியோவுல இனிமே என் சத்தமே வராது"ன்னுட்டேன்.

தங்கச்சிமடத்துல லூர்து அண்ணன் இருக்காரு. ஐஸ் பாக்டரிக்காரர், அவரும் ஹாம். சாயங்காலம் ஆனா எனக்காக ரேடியோவத் திருப்பி வச்சுக் காது கொடுப்பாரு. பெறவு வாட்சாப்ல ஒரு வார்த்த வரும்.

"இல்ல."

மறுநாளும், "இல்ல."

அதுக்குள்ள மனைக்காரர் வந்து, திங்கக்கெழம ஜேசிபி வருது, கம்பத்தப் புடுங்கிருங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. வேற எடம் எனக்குக் கெடையாது.

ரஸ்மியப் போய்ப் பாத்தேன்.

"குருவே, முள்ளு ஒண்ணுல நிக்கி. அப்பறம் ஏன் கேக்க மாட்டேங்கி?"

முள்ளுன்னா மீட்டர் முள்ளு. ரேடியோ அனுப்புறதுல எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டும். ஒண்ணுல நின்னா எதுவும் திரும்பல, மொத்தத்தையும் வாங்கிக்கிடுச்சுன்னு அர்த்தம். மூணுக்குப் போனா ரேடியோ பயந்துபோய்த் தன் பவரத் தானே கொறச்சுக்கிடும். ஒண்ணுல நிக்க வைக்கத்தான் ஒலகத்துல ஒவ்வொரு ஹாமும் தவம் கெடக்கான். எனக்கு மொத நாளே நின்னுச்சு.

அவ வந்து பாத்தா. மீட்டரத் திரும்பிக்கூடப் பாக்கல. மூங்கில் அடியில குனிஞ்சு மண்ணப் பாத்தா. எர்த்துக்கு நான் ஒரே ஒரு இரும்புக் கம்பிய அடிச்சு வச்சிருந்தேன்.

"மண்ணுல ஒயர் விரிங்கக்கா. சுத்திவர. எவ்வளவு முடியுதோ அவ்வளவு."

"ஏன்?"

"விரிச்சுப் பாருங்க."

இதான் அவகிட்ட எனக்கு ஆகாதது. ஏன்னு கேட்டா செய்யிங்கம்பா. கோர்ட்டுல ஒரு சாட்சி இப்படிப் பதில் சொன்னா ஜட்ஜு சும்மா விடுவாரா?

விரிச்சேன். பழைய டெலிபோன் ஒயரு. சின்னப் பிள்ளைங்க சூரியன் வரையுமே, அந்த மாதிரி மூங்கில்ல இருந்து நாலா பக்கமும். கொஞ்சம் விரிச்சதும் முள்ளு ஒண்ண விட்டு ஏறுச்சு. இன்னும் விரிச்சேன். ரெண்டத் தாண்டுச்சு. மிச்சத்தையும் விரிச்சேன். மூணத் தொட்டுச்சு.

முதுகு ஒடிய முள்ளுச்செடிக்குள்ள குனிஞ்சு ஒயர் விரிச்சதுக்கு எனக்குக் கெடச்ச கூலி இது.

எல்லாத்தையும் அவுத்துச் சுருட்டி மூலையில எறிஞ்சேன். முள்ளு ஒண்ணுக்கு வந்து அமைதியா நின்னுச்சு. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்கு மேல ரஸ்மி ஸ்கூட்டியில வந்து எறங்குனா. சுருட்டி வச்ச ஒயரப் பாத்தா. என் மூஞ்சியப் பாத்தா.

"ஏன்க்கா?"

"ஏனா? நீ சொன்னபடி செஞ்சேன். நல்லா இருந்தத மூணுல கொண்டு விட்டியேட்டி! நாளைக்குக் காலையில ஜேசிபி வருது. இன்னைக்குச் சாயங்காலம் ஒண்ணுதான் எனக்கு மிச்சம். இப்பவாவது சொல்லு, மீட்டர் பொய் சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்ப நீ பொய் சொல்லுதியா?"

"நானும் சொல்லல."

"ரெண்டு பேரும் உண்மன்னா குத்தவாளி யாரு? நானா?"

அவ சிரிச்சா. எனக்கு அந்தச் சிரிப்பப் பாத்தா ஒரு அறை விடணும்னும் இருக்கும், ஒரு முத்தம் கொடுக்கணும்னும் இருக்கும்.

"நீங்க உள்ள போய் ரேடியோ முன்னால ஒக்காருங்க. நான் வெளிய ஆண்டெனாவ ஒருக்கா சரி பாக்கேன். கூப்பிட்டதும் தட்டிப் பாருங்க."

ரேடியோ என் ரூம்ல ஜன்னலோரம் இருந்துச்சு. கேபிள் ஜன்னல் வழியா மனைக்குப் போகும். ஒக்காந்தேன். வெளிய ஸ்கூட்டி சீட்டத் தெறக்குற சத்தம் கேட்டுச்சு.

"தட்டுங்கக்கா!"

தட்டுனேன். முள்ளு அசையல. ஒண்ணு. எந்தப் பக்கம் டியூன் பண்ணாலும் ஒண்ணு. ரேடியோவ இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்புனேன். ஒண்ணுன்னா ஒண்ணு.

"பாத்தியாட்டி!" ஜன்னல் வழியாக் கத்துனேன். "ஒயர் இல்லாமத்தான் நல்லா இருக்கு! இதுக்குப் பேரு ஆண்டெனா!"

"நல்லா இருக்கா?"

"இவ்வளவு நல்லா இருந்ததே இல்ல!"

"அப்ப லூர்து அண்ணனக் கூப்பிடுங்க."

போன்ல அவரக் கேக்கச் சொல்லிட்டு, கை வலிக்கத் தட்டுனேன். காத்திருந்தேன். மறுபடி தட்டுனேன்.

வாட்சாப். "இல்ல."

வெளிய ஓடுனேன். ரஸ்மி மூங்கில் பக்கத்துலயே இல்ல. ஜன்னலுக்குக் கீழ நெழல்ல சம்மணம் போட்டு ஒக்காந்திருந்தா. மடியில ஒரு பெயிண்ட் டப்பா. என் ரேடியோ கேபிள் அந்த டப்பாவுக்குள்ள போயிருந்துச்சு.

"என்ன எழவுட்டி இது?"

"டம்மி லோடு. உள்ள எண்ணெயும் ஒரு பெரிய ரெசிஸ்டரும் இருக்கு. ரேடியோவ ரிப்பேர் பாக்கயில வெளிய எதுவும் போயிரக்கூடாதுல்ல, அதுக்காகப் போடுறது." டப்பாவ என் பக்கம் நீட்டுனா. "தொட்டுப் பாருங்க."

தொட்டேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. நான் லூர்து அண்ணனுக்குத் தட்டுனது பூரா அதுக்குள்ள கெடந்துச்சு.

என்ன திட்டுனேன்னு இங்க எழுத முடியாது. எழுதுனா நாளைக்கு பார் கவுன்சில்ல என்னையச் சேக்க மாட்டாங்க. ஏமாத்துக்காரின்னேன். நேரத்தத் தின்னுட்டியேன்னேன். பல்லு புடுங்கத்தான் லாயக்குன்னேன். அவ முடியுற வரைக்கும் கேட்டா.

"முடிஞ்சுதா?"

"மூச்சு வாங்குதேன்."

"வாங்கிட்டு அந்த ஒயர எடுத்துட்டு வாங்க. வெயில் எறங்குது."

டப்பாவோட வெதுவெதுப்பு இன்னும் என் உள்ளங்கையில இருந்துச்சு. வாளிக் காயில்ல பாதி, வறண்ட மண்ணுல மீதின்னு, இத்தன நாளு நான் அனுப்புனதும் இப்படித்தான் சூடாப் போயிருக்கும், மண்ணு விழுங்குறத ஒயர் தடுத்ததாலதான் முள்ளு ஏறிருக்கும்னு எனக்குப் பைய ஒறச்சுது. ஒத்துக்கிட்டேன்னு மட்டும் சொல்லல. ஒயர எடுத்துட்டு வந்தேன்.

ரெண்டு பேரும் குனிஞ்சு விரிச்சோம். அவ துப்பட்டா முள்ளுல மாட்டிக் கிழிஞ்சுது. முழுசும் விரிச்சப்ப, மீட்டரு மறுபடி மூணு.

"சந்தோசமா குருவே?"

"ரொம்ப."

காயில் அடியில கேபிள் சேர்ற எடத்தப் பிரிச்சா. சில சுத்து மேல மாத்திக் கட்டுனா. உள்ள போய்த் தட்டச் சொன்னா. முள்ளு கூடுச்சு. எறக்குனா. கொறஞ்சுது. இன்னும் ஒரு சுத்து. முள்ளு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல வந்து நின்னுச்சு.

"ஒண்ணுல நிக்கலட்டி."

"நிக்காட்டிப் போகுது."

திடீர்னு முள்ளு குதிச்சு மேல ஏறுச்சு. எட்டிப் பாத்தா, யாரு வீட்டு ஆடோ, மூங்கில் பக்கத்துல வந்து புல்லு மேஞ்சுட்டு இருக்கு.

"கெட்டுப் போச்சு! மறுபடி போச்சு!"

"போகலக்கா," ரஸ்மி ஆட்டோட கழுத்தப் புடிச்சு இழுத்தா. முள்ளு எறங்குச்சு. "இப்பதான் வேல செய்யுது. ஆடு வந்தாக்கூட அதுக்குத் தெரியுது பாருங்க."

ஆட்ட இழுத்துக்கிட்டே அவ மனையோட அந்தக் கோடிக்குப் போனா.

"எங்கட்டி போற? பக்கத்துல இரு!"

"நான் நின்னாலும் மாறும்க்கா. நீங்க தட்டுங்க."

கோடியில, காம்பவுண்டு சுவரோரம், ஆட்டுக் கழுத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னா. அங்க இருந்து அவளுக்கு எதுவும் கேக்காது.

லூர்து அண்ணனோட ரேடியோப் பேரு, அந்தக் கால்சைன மூணு தடவ தட்டுனேன். என்னோடத மூணு தடவ. கைய எடுத்தேன்.

இரைச்சல். எங்கயோ வெட்டுன மின்னலோட பொரியுற சத்தம். இரைச்சல்.

மறுபடி தட்டுனேன். இந்தத் தடவ எபனேசர் சார், ஜேசிபி, பெயிண்ட் டப்பா எல்லாரையும் நெனச்சுத் தட்டுனேன்.

இரைச்சலுக்கு அடியில, கொசு மாதிரி ஒண்ணு. என் கால்சைன். இன்னொரு தடவ என் கால்சைன். பெறவு என் சத்தத்துக்கு அவரு போட்ட மார்க்கு: ரொம்ப மெலிசு, ஆனா புரியுது. பெறவு எழுத்து எழுத்தா, நிதானமா வந்துச்சு:

யாரு மேலம்மா இவ்வளவு கோவம்?

நன்றின்னு தட்டி முடிக்கதுக்குள்ள கண்ணு மறச்சுது.

வெளிய வந்தேன். ரஸ்மி அங்கயிருந்து கத்துனா, "ஆட்ட விட்ரலாமாக்கா?"

"விடு."

விட்டா. ஆடு அவளத் திரும்பிக்கூடப் பாக்காம ஓடிப் போச்சு. நான் போய் லூர்து அண்ணன் கேட்டதச் சொன்னேன். மண்ணுல ஒக்காந்து, வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

பெறவு இருட்டுறதுக்குள்ள ஒயரச் சுருட்ட ஆரம்பிச்சோம். அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"ரஸ்மி."

"ம்."

"நாளைக்கு இந்த எடம் கெடையாது. ஆண்டெனா கெடையாது. இனிமே நான் எதுக்கு ஒன்கிட்ட வரணும்?"

அவ சுருட்டிட்டே சொன்னா, "எங்க வீட்டு மாடியில மூணு மீட்டர் ஆண்டெனா ஒண்ணு நிக்கி."

"மூணா? நூத்தறுபது மீட்டருக்கா? கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?"

"மூணு வருசமா நிக்கி. இதுவரைக்கும் ஒரு ஆளுக்கும் கேட்டதில்ல."

ஒயர் என் கையிலயே நின்னுச்சு.

"ஒன்னோடதா? நீ செஞ்சதே கேக்கலயா?"

"நான் செஞ்சதேதான்."

"யாரும் வந்து பாக்கலயா?"

"பாத்தாங்களே. ஹாம் கிளப்புல எல்லாரும் வந்தாங்க. எபனேசர் சாரும் வந்தாரு. ரஸ்மியா செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு சொல்லி, டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்க. ஏன்னு ஒருத்தரும் கேக்கல."

சுருட்டுன ஒயர என் தோள்ல மாட்டி விட்டா.

"நாளைக்கு வாங்கக்கா. வந்து திட்டுங்க."