முத்தரசி தைச்ச தொம்பை

ஒரே ஒரு கண்ணு, அதுலயும் ஒரு கயிறு. போற வழியெல்லாம் ஓட்டை போடும், ஆனா யாரும் திட்ட மாட்டாங்க. அது என்ன, சொல்லு பாப்போம்?

"ஊசி, அத்தை."

அதேதான். இப்படித் திரும்பிப் படு.

ஒரு ஊர்ல ஒரு முத்தரசி. எட்டு வயசு. அந்த ஊர்ல பிள்ளைங்க இழுக்கறதுக்குன்னே ஒரு குட்டித் தேர் உண்டு. தேர் ஓரத்துல கலர் கலரா, குழாய் மாதிரி துணி தொங்குமே, அதுதான் தொம்பை. அதைத் தன் கையால தைக்கிற பிள்ளைதான் வடத்துல முதல் ஆளா நிக்கலாம். வருஷா வருஷம் அவ அண்ணன் இசக்கிதான் தைப்பான், அவன்தான் நிப்பான். "இந்தத் தடவை நான்"னு முத்தரசி துணியைப் பிடுங்கிக்கிட்டா. வடம் பிடிக்கணும்னு புதுப் பட்டுப்பாவாடையைக்கூட விடியும்போதே கட்டிக்கிட்டா.

"சொல்லித் தரவாடி?"ன்னாங்க அம்மா.

"எனக்கே தெரியும்மா."

ஊசியைக் கையில எடுத்து அஞ்சு நிமிஷம் ஆயிருந்துச்சே, தெரியாம இருக்குமா? ம்?

"ம்."

அப்புறம் சதக் சதக்னு ஒரு ஓரம் முழுக்கத் தைச்சா. அழகா இருக்கேன்னு நூலை இழுத்தா. சர்ர்ர்ர்! மொத்த நூலும் கையோட வந்துடுச்சு. நுனியில முடிச்சே போடலை.

அப்போ இசக்கி, "நூலுக்கு நல்லா வழி விட்டிருக்கே"ன்னான்.

அப்புறம் முடிச்சுப் போட்டா. ஒண்ணுக்கு மூணா. சதக் சதக்னு சுத்தி ஒரு இடம் விடாமத் தைச்சா. மேல் வாய், கீழ் வாய் எல்லாம் அடைச்சாச்சு.

"தலையணை பிரமாதம். பஞ்சு வாங்கிட்டு வரட்டா?"

"போடா!"

எல்லாத்தையும் பிரிச்சா. அப்போ தெருமுனையில மேளம், டம டம டம. முத்தரசி துணியை மடியில போட்டுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தைச்சா. முடிச்சு சரி, வாய் சரி, தையலும் நேரா வந்துடுச்சு. "பாத்தியாடா!"ன்னு துள்ளி எழுந்தா. தொம்பை கீழ விழலை. பாவாடையில ஆடிச்சு. ரெண்டையும் சேத்துத் தைச்சிருக்கா!

இழுத்துப் பாத்தா. ம்ஹூம். இப்போதானே முடிச்செல்லாம் கெட்டியாப் போடப் பழகியிருக்கா.

"பிரிச்சுத் தைக்கறதுக்குள்ள தேர் போயிடும். போன வருஷம் நான் தைச்ச தொம்பையைக் கட்டிட்டு நானே போய் நிக்கறேன்"னு இசக்கி செருப்பை மாட்டினான்.

அம்மா கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு வந்தாங்க. "சீக்கிரம் சொல்லுடி. தையலைப் பிரிக்கவா, பாவாடையை வெட்டவா?"

ம்? தூங்கிட்டியா?

"இல்ல. எதைச் சொன்னா?"

பாவாடையை. கதை அவ்வளவுதான், கண்ணை மூடு.