குளத்தங்கரைப் பாத்தி

ஒரு சரளைமேட்டில் இலந்தைப் புதருக்கு அடியில் வளை தோண்டி, பூளை என்ற பெண்முயல் தன் புருஷன் தும்பனோடு குடியிருந்தது. மேட்டின் இறக்கத்தில் ஒரு குளம். குளத்துக்கு அப்பால் காடும் மலையும்.

மார்கழி பிறந்ததிலிருந்து பூளைக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வளைக்குள் போகும். வெளியே வரும். வாசல் மண்ணை முகர்ந்து பார்க்கும். மறுபடியும் உள்ளே போகும்.

“ஏ புள்ள, நீ சுத்துறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது! கொஞ்சம் உட்காரேன்!” என்றது தும்பன்.

“உட்கார்ந்தா கீரை முளைச்சிடுமா?” என்றது பூளை.

அதன் வயிற்றில் குட்டிகள் இருந்தன. தலைப்பிரசவம். போன கோடையில் மேடு முழுக்கக் காய்ந்து, பேருக்கு ஒரு பச்சைப்புல் இல்லாமல் போயிருந்தது. பசி தாங்காமல் குளத்தடிக்குப் போன முயல்களைக் குள்ளநரி ஒவ்வொன்றாகப் பிடித்தது. பூளையின் தங்கச்சியும் அப்படிப் போனதுதான். திரும்பி வரவில்லை.

‘என் குட்டிகள் வாசலைத் தாண்டக் கூடாது. வெயில் வருமுன்னே வாசலிலேயே ஒரு கீரைத்தோட்டம் போட்டுவிட வேண்டும்’ என்று பூளை முடிவு செய்திருந்தது. மழைக்காலம் முழுக்க அலைந்து கீரை விதையும் வெள்ளரி விதையும் பொறுக்கி வைத்திருந்தது. ஆடு மேய்ப்பவர்கள் குளிர்காய்ந்துவிட்டுப் போன இடத்திலிருந்து சாம்பல் அள்ளி வந்து, பூச்சி விழாமல் விதையோடு பிசறி, உடைந்த சுரைக்குடுக்கையில் போட்டு மூடி வைத்திருந்தது.

ஆனால் குடுக்கையைத் திறக்கும்போதெல்லாம் விதை குறைந்தமாதிரி இருக்கும்.

“நீங்க எடுத்துத் தின்னீங்களா?”

“சாம்பலைத் தின்ன எனக்கென்ன கிறுக்கா?” என்று தும்பன் திரும்பிப் படுத்துக்கொண்டது.

பக்கத்து வளையில் மண்ணுருட்டி என்ற பெருச்சாளி இருந்தது. பேச்சுத் துணைக்கு நல்லது. ஆனால் எதையும் கண்டால் கை சும்மா இருக்காது. அது வாசல் மண்ணைப் பறித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது: “இது சரளை, மதினி. இப்பவே கிளறிப் போடு. சருகும் ஆட்டுப் புழுக்கையும் போட்டு மூடு. மார்கழிப் பனியைக் குடிச்சுக் குடிச்சு அது மெத்துனு ஆகும். தை பாதி தாண்டட்டும், விதை போடலாம். அதுக்குள்ள சுத்தி முள்ளு அடை.”

“தை பாதியா! அதுவரைக்கும் நான் எப்படி இருப்பேன்?”

“எல்லாரும் இருக்கிறமாதிரிதான் இரு!”

பூளை கிளறியது. சருகு இழுத்து வந்தது. புழுக்கை உருட்டி வந்தது. எல்லாம் சரிதான். ஆனால் மூடியதை மூடியபடி விடத் தெரியவில்லை. காலையில் சருகை விலக்கிப் பார்க்கும். மதியம் விலக்கிப் பார்க்கும். “இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம்தான் வெயில்” என்று பாத்தியை நகர்த்தும். மறுநாள் பழைய இடத்துக்கே நகர்த்தும். நகம் தேய்ந்ததே தவிர, மண் அப்படியே கட்டியாகக் கிடந்தது.

“உறை ஊத்தின பாலை இப்படி ஆட்டிக்கிட்டே இருந்தா எப்படித் தோயும்?” என்று மண்ணுருட்டி கத்தியது.

இந்தக் கூத்தையெல்லாம் எதிர்ப் பாறைமேல் படுத்துக்கொண்டு குள்ளநரி பார்த்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் அங்கிருந்தே குரல் கொடுத்தது.

“தங்கச்சி! பயப்படாதே, நான் கிட்ட வரமாட்டேன்! மலைக்கு அந்தப் பக்கமே போயிடலாம்னு கிளம்பிட்டேன். இந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கலை.”

பூளை சட்டென்று இலந்தை முள்ளுக்குள் ஒடுங்கியது. காது மட்டும் வெளியே நின்றது.

“போறதுக்கு முன்னால ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போறேன். மாசமா இருக்கிற பொண்ணு இந்தக் கல்லோட மல்லுக்கட்டுறதைப் பாத்தா மனசு கேட்கலை. குளத்தங்கரையில பாரு! கறுப்பு மண்ணு, வெண்ணெய்மாதிரி கிடக்கு. கிளறவும் வேண்டாம், சருகு போடவும் வேண்டாம். இன்னைக்குத் தூவினா நாலு நாள்ல முளைச்சிடும். தண்ணியும் பக்கத்துலயே!”

சொல்லிவிட்டு நரி எழுந்து, மெதுவாக, திரும்பிப் பார்க்காமல் மலைப்பக்கம் நடந்தது. அன்று பொழுது சாய்ந்ததும் ஊளை கேட்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

“போயிடுச்சு! நிசமாவே போயிடுச்சு!” என்று பூளை குதித்தது.

“எந்த ஊர் நரி, மதினி, முயல்கிட்ட போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போகும்?” என்று மண்ணுருட்டி மீசையைத் துடைத்துக்கொண்டது.

பூளைக்கு அது காதில் ஏறவில்லை. குளத்தங்கரைக் கறுப்பு மண்ணே கண்ணுக்குள் நின்றது. நாலு நாளில் முளைக்கும்! தை பாதிவரைக்கும் யார் காத்திருப்பார்?

மதியம் கரையில் ஆடுகள் மேயும். மேய்ப்பவர்களின் பேச்சுச் சத்தம் கேட்கும். அந்த நேரம் பார்த்து பூளையும் தும்பனும் இறங்கிப் போயின. மண் நிசமாகவே வெண்ணெய்தான். நாலு கீறல் கீறியதும் பாத்தி ஆகிவிட்டது. பூளை குடுக்கையைக் கவிழ்த்து, இருந்த விதையெல்லாம் தூவி மூடியது.

“கொஞ்சம் மிச்சம் வையேன்,” என்றது தும்பன்.

“எதுக்கு? எல்லாம்தான் முளைக்கப் போகுதே!”

“சரி. இனிமே ஆடு வர்ற நேரத்துலதான் இங்க வரணும். தனியா வராதே, என்ன?”

“சரி சரி.”

அன்று ராத்திரி முழுக்கப் பூளைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ‘எறும்பு தூக்கியிருக்குமோ? ஈரம் போதுமோ? இந்நேரம் ஒன்றாவது வெடித்திருக்குமோ?’ விடிந்தும் விடியாததுமாக எழுந்தது. ஆடுகள் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. தும்பன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

‘எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம். எழுப்புவானேன்?’

பூளை இறங்கியது.

கரையெல்லாம் மூடுபனி. ஒவ்வொரு புல்லின் நுனியிலும் பனித்துளி. தரை முழுக்க வெள்ளைத் துணி விரித்தமாதிரி இருந்தது. நடக்க நடக்கப் பூளையின் வயிற்று மயிர் நனைந்து சில்லிட்டது. பாத்திக்கு ஓட்டமாகப் போய்க் குனிந்து பார்த்தது. ஒன்றும் முளைக்கவில்லை. சலிப்போடு நிமிர்ந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தது.

பாத்திக்கு மறுபக்கம், கோரைப்புல் ஓரத்தில், ஓரிடத்தில் மட்டும் பனி இல்லை. காய்ந்து கிடந்தது. தலை ஒரு பக்கம், வால் ஒரு பக்கமாக, யாரோ சுருண்டு படுத்த அளவுக்கு அந்த இடம் உலர்ந்திருந்தது. நசுங்கிய புல் இப்போதுதான் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் போவதாகச் சொன்ன நரி இங்கேதான் படுத்திருக்கிறது! எழுந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. எங்கே போயிருக்கும்?

‘நான் வந்த வழியை மறிக்கத்தான் போயிருக்கும்.’

பூளை வந்த வழியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த கருவேலங்காட்டுக்குள் குனிந்து பாய்ந்தது. முள் காதைக் கிழித்தது. முதுகைக் கீறியது. வயிறு கனத்தது. பின்னால் பாதை ஓரத்திலிருந்து ஏதோ தாவி விழுகிற சத்தம் கேட்டது. அடுத்து, முள் குத்திய நரியின் “ஐயோ!” கேட்டது. பூளை நிற்கவில்லை. மேட்டில் ஏறி, வளைக்குள் விழுந்த பிறகுதான் அதற்கு அழுகை வந்தது.

தும்பன் திட்டவில்லை. ரத்தம் வந்த காதை நக்கிக் கொடுத்தது.

“விதையெல்லாம் போச்சு!” என்று பூளை விசும்பியது. “குட்டிகளுக்கு இனி என்ன இருக்கு? எல்லாத்தையும் அந்த நரிகிட்டயே தூவிட்டு வந்துட்டேன்!”

வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மண்ணுருட்டி நின்றது. வாய் இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. குனிந்து துப்பியது. சாம்பல் பூசிய விதைகள்!

“திட்டாதே மதினி. உன் குடுக்கையில இருந்து அப்பப்போ நான்தான்… ராத்திரி கடிச்சுக்கலாம்னு… சாம்பல் கசந்துச்சா, ஒண்ணுகூடத் திங்க முடியலை!”

பூளை அழுகையை நிறுத்திவிட்டு முறைத்தது. “நல்லாயிருப்பே! ஒரு வாய்தானா? இன்னும் இருக்கா?”

“வளைக்குள்ள ஒரு மூலை நிறைய இருக்கு,” என்று மண்ணுருட்டி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னது.

அன்றிலிருந்து பூளை சருகை விலக்கிப் பார்க்கவில்லை. கால் துறுதுறுக்கும்போதெல்லாம் போய் ஒரு முள்கொப்பு இழுத்து வந்தது. அது நிலைகொள்ளாமல் அலைந்த அலைச்சலெல்லாம் வாசலைச் சுற்றி வேலியாக ஏறியது. பனியைக் குடித்த மண் மெல்ல மெல்லக் கறுத்தது. தை பாதி தாண்டியதும் மண்ணுருட்டி மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டு, “இப்போ போடு!” என்றது.

மாசியில் குளத்துத் தண்ணீர் உள்வாங்கியது. கரைக் கறுப்பு மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. அங்கே முளைத்த கீரையெல்லாம் நின்ற இடத்திலேயே சுருண்டது. மேட்டில், முள்வேலிக்குள், பூளையின் குட்டிகள் கீரைத்தண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

ஒருநாள் வேலிக்கு வெளியே குள்ளநரி வந்து நின்றது. விலா எலும்பு தெரிந்தது.

“தங்கச்சி! குளத்தங்கரையில நீ போட்ட கீரை வாடுதே! தண்ணி ஊத்த வரலையா?”

பூளை ஒரு குட்டியின் வாயைத் துடைத்துவிட்டபடியே கேட்டது: “மலைக்கு அந்தப் பக்கம் போறேன்னீங்களே அண்ணே, இன்னுமா கிளம்பலை?”

மண்ணுருட்டி தன் வளைக்குள்ளிருந்து விழுந்து விழுந்து சிரித்தது. நரி வாலை மடக்கிக்கொண்டு நடந்தது.

பொறுக்காத மனசுக்கு அடுத்தவர் காட்டுகிற சுலபமான வழியெல்லாம் நல்ல வழியாகவே தெரியுமாதலால், நம் வாசல் மண் பக்குவமாகிற வரைக்கும் காத்திருக்கப் பழக வேண்டும்.