படத்தில் உயர்ந்திருந்த கை

"அம்மா ஏன் என்னைப் போகச் சொன்னார்?"

இந்த ஒரு கேள்வியோடுதான் குகநேசன் நோர்வேயிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்திருந்தான்.

மடத்து முற்றத்தில் சாமியம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது, தலையும் ஒரே அளவுக்கு நரைத்திருந்தது. ஊர் அவளைப் பெரிய ஞானி என்றது. அவளுக்கோ உலை கொதித்துவிட்டதே என்ற கவலை.

"எப்ப சொன்னவ?"

அவன் ஒரு படத்தை நீட்டினான்.

தமிழர் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்திய நாட்களில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எடுத்த படம். தெரு நிறையச் சனம். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. ஒருவர் தையல் மெஷினைத் தோளில் தூக்கியிருக்கிறார். அந்த அவசரத்தில் அதை ஏன் எடுத்தார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். எல்லோரும் முதுகு காட்டி ஓட, ஒருத்தி மட்டும் திரும்பிப் பார்க்கிறாள். சனம் அவளை நெட்டித் தள்ளுகிறது. ஒரு கை உயர்ந்திருக்கிறது, உள்ளங்கை கீழே பார்க்க.

படத்தின் மூலையில் ஒரு சின்னப் பின்னந்தலை.

"அந்தத் தலை நான். திரும்பிப் பார்க்கிறவர் என் அம்மா. கண்ணாடியில் நான் தினமும் பார்க்கிற முகம்."

"பிறகு?"

"என்னை ஒரு வெளிநாட்டு டாக்டர் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார். அம்மா கிடைக்கவே இல்லை."

"ம்."

"கையைப் பாருங்கள். போ, போ என்கிறார். புத்தகத்திலும் இந்தப் படத்துக்குக் கீழே 'பிரியாவிடை' என்றுதான் போட்டிருக்கிறார்கள்."

படத்திலிருந்த கையை அவன் விரலால் தொட்டான்.

"ஒரே ஒரு தடவை வா என்று கூப்பிட்டிருக்கலாமே."

சாமியம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் படலையடியில போய் நில்லும்."

தெருவாசலில் போய் நின்றான்.

அவள் எழுந்து, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, அவனைப் பார்த்து விரல்களை அசைத்தாள்.

குகநேசனுக்கு முகம் செத்துப்போனது. இவரும் போகத்தான் சொல்கிறார். கும்பிட்டுவிட்டுத் தெருவில் இறங்கினான்.

மடத்தில் சமைக்கிற சின்னமணி அகப்பையும் கையுமாகப் பின்னால் ஓடிவந்தார்.

"ஐயா, எங்க போறியள்? சாமியம்மா கூப்பிடுறா!"

"இல்லை. போகச் சொல்கிறார்."

"ஆர் சொன்னது? வாங்கோ எண்டெல்லே கை காட்டுறா!"

"உள்ளங்கை கீழே இருக்கிறதே."

"பின்ன? மேல திருப்பிக்கொண்டோ ஆக்களைக் கூப்பிடுறது? நல்ல கதை!"

அவன் வளர்ந்த ஊரில் மேலே திருப்பித்தான் கூப்பிடுவார்கள். கீழே கவிழ்த்து அசைத்தால், போய் வா என்று அர்த்தம்.

குகநேசன் படத்தை மறுபடி எடுத்தான்.

முற்றத்தில் சாமியம்மாவின் கை இன்னும் இறங்கவில்லை.

"அவ பாத்துக்கொண்டு நிக்கிறா. ஏதும் சொல்லுங்கோவன்" என்றார் சின்னமணி.

அவன் அவளைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நரை விழுந்த பிறகு வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவன் அவன். அங்கே 'வருகிறேன்' என்றுதான் சொல்லித் தந்தார்கள். வாயில் வந்தது வேறு.

"வாறன் அம்மா... வாறன்."